கண்டி நாட்டுக் காய்ச்சலும் பரம்பரையலகுச் சோதனையும்

கண்டி இராச்சியத்தின் வரலாற்றை எழுதியோர் அதன் அரண்களைக் கூறுமிடத்து மலை, காடு, கணவாய் என்னும் மூன்றினையும் முதற்கண் எடுத்துரைப்பர். நான்காவது அரண் ஒன்றும் அதற்கு இருந்தது. அது காய்ச்சல். மலைநாட்டின் அடிவாரத்தைச் சூழ்ந்து கிடந்த தாழ்நிலக் காடுகளில் நுளம்பு பரப்பிய மலேரியாக் காய்ச்சல், படையெடுத்து வந்தோரையும் அந்நிலத்தில் வாழ்ந்தோரையும் ஒருங்கே வருத்தியது. அக்காய்ச்சல் இன்று இலங்கையை விட்டு நீங்கிவிட்டது. ஆயின், அது மக்களின் குருதியில் விட்டுச்சென்ற அடையாளம் நீங்கவில்லை. அவ்வடையாளத்தைக் கண்டறியும் முயற்சியே, கண்டியிலும் அதனை அடுத்த மாவட்டங்களிலும் பரம்பரையலகுச் சோதனை நாளாந்த மருத்துவத்தினுட் புகுந்த வாயில்களுள் முதன்மையானது. மரபணு என்று தமிழகத்தார் வழங்குவதே ஈண்டுப் பரம்பரையலகு எனப்படுகின்றது. அவ்வாயில் திறந்த வரலாறும், சோதனையின் பயன் மக்களை முழுமையாக அடையாதிருப்பதன் காரணமும் இக்கட்டுரையில் ஆராயப்படும்.

காய்ச்சலும் கண்டி நாடும்

றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமியும் அவருடைய தந்தையாரும் 1660ஆம் ஆண்டிலே கொட்டியாரக் குடாவிற் பிடிக்கப்பட்டு, இரண்டாம் இராசசிங்கனின் ஆணைப்படி கண்டி நாட்டினுள்ளே கொண்டுசெல்லப்பட்டனர். இன்றைய குருநாகல் மாவட்டத்திலுள்ள பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் அவர்கள் வைக்கப்பட்டனர். அங்கு இருவரையும் காய்ச்சல் பற்றியது. 1661ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்தில் தந்தையார் இறந்தார்; மகன் உயிர் பிழைத்தார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னர்த் தப்பிச் சென்ற அவர், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூல் கண்டி நாட்டு வாழ்க்கைக்குச் சிறந்ததொரு சான்றாக இன்றும் விளங்குகின்றது. ஒரே வீட்டில் ஒரே காய்ச்சலுக்கு ஆளான இருவருள் ஒருவர் மடிய மற்றவர் பிழைத்தல் அந்நாட்டில் அன்றாட நிகழ்ச்சி. அவ்வேறுபாட்டுக்குரிய காரணங்களுட் சில குருதியிலேயே அமைந்துள்ளன என்பதை அக்காலத்தார் அறியார்.

1803ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கண்டி நகரைக் கைப்பற்றி, மேசர் டேவி என்பாரின் தலைமையில் அங்கொரு படையை நிறுத்தினர். சில மாதங்களுக்குள் அப்படையினருட் பலர் காய்ச்சலினாலும் பிற நோய்களினாலும் வீழ்ந்தனர். எஞ்சியோர் அவ்வாண்டு யூன் மாதத்திற் சரணடைந்தனர். கண்டி நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ளது. அந்நகருக்கு ஏறும் வழிகளோ காய்ச்சல் மிகுந்த தாழ்நிலத்தூடாகவே சென்றன.

மலேரியாவை அடக்குதற்கு இலங்கையில் முதன்முதலாக ஒரு நிலையம் 1911ஆம் ஆண்டிலே குருநாகலில் நிறுவப்பட்டது. கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, கலகெதரை வழியாக ஏறத்தாழ 42 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அந்நகர் இவ்வரலாற்றில் மீண்டும் இடம்பெறுவதாகும்.

இந்நோயின் கொடுமையை இலங்கை முழுதும் உணர்ந்தது 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளிலேயே ஆம். 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. எக்காலமும் நீரோடும் மகா ஓயா முதலிய ஆறுகள் வற்றி, மணற்படுக்கைகளிற் குட்டை குட்டையாக நீர் தேங்கிற்று. ஓடும் நீரிற் பெருகாத அனோபிலிசு நுளம்பு அக்குட்டைகளிற் பல்கிப் பெருகியது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களும் கண்டி மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகளும் பெரிதும் தாக்குண்டன. ஏறத்தாழ 15 இலட்சம் மக்கள் நோயுற்றனர். ஏழு மாதங்களுள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். ஈரவலயத்து மக்களுக்கு அக்காய்ச்சலோடு நீண்ட பழக்கம் இல்லாமையே இத்துணைச் சாவுக்குக் காரணமாயிற்று. வரண்ட வலயத்திலோ அது தலைமுறை தலைமுறையாகக் குடிகொண்டிருந்தது. அங்கு வாழ்ந்தோர் சிறு வயதிலேயே அதற்கு முகங்கொடுத்தனர், தாங்கியவர் எஞ்சினர்.

1946ஆம் ஆண்டு முதல் டி.டி.ரி. மருந்து வீடுதோறும் தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். வெற்றி கிட்டியதென்று கருதிக் காவல் தளர்த்தப்பட்டது. அப்பத்தாண்டு முடியுமுன் நோய் இலட்சக்கணக்கானோரை மீண்டும் பற்றியது. பின்னர் நீண்ட உழைப்பின் பயனாக, உள்நாட்டிலே தொற்றிய மலேரியா 2012ஆம் ஆண்டுடன் ஒழிந்தது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது.

மண்ணீரல் மறைத்த நோய்

மலேரியா குடிகொண்ட ஊர்களிற் பிள்ளைகளின் முகம் வெளிறியிருக்கும். வயிற்றின் இடப்பக்கத்தில் மண்ணீரல் பருத்திருக்கும். ஆதலின், பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து மண்ணீரல் பருத்தோர் நூற்றுக்கு எத்தனை பேர் எனக் கணக்கிட்டு, அதனைக் கொண்டே ஓரூரின் மலேரியா நிலையை மருத்துவர் மதிப்பிட்டு வந்தனர். முறை எளிது; பயனும் உடையது. ஆயின் அதில் ஒரு மயக்கம் மறைந்திருந்தது. மலேரியாவன்றி வேறொரு நோயும் குழந்தையை வெளிறச் செய்து மண்ணீரலைப் பருக்கச் செய்யும். அந்நோய் தலசீமியா. அமெரிக்க மருத்துவரான தோமசு கூலி என்பார் 1925இல் இதனைத் தனி நோயாக எடுத்துக் காட்டினார். காய்ச்சல் மலிந்த நாட்டில் வெளிறிய ஒரு குழந்தை இறந்தால், அதற்குக் காரணம் காய்ச்சல் என்றே பெற்றோரும் மருத்துவரும் கருதுவர். இரண்டாவது காரணம் ஒன்றைத் தேட எவருக்கும் தேவை தோன்றவில்லை.

மலேரியா குறையத் தொடங்கிய பின்னரே இம்மயக்கம் தெளிந்தது. குருதிப் பூச்சிற் காய்ச்சற் கிருமி இல்லை. கொயினா கொடுத்தும் பயனில்லை. ஆயினும் குழந்தை மேன்மேலும் வெளிறுகின்றது. இத்தகைய குழந்தைகளைப் பற்றிய அறிக்கைகள் இலங்கையில் 1950களில் வெளிவரலாயின. ஈமோகுளோபின் ஈ என்னும் மாறுபட்ட குருதிப் பொருளை உடைய இலங்கைக் குடும்பமொன்றைப் பற்றிய ஆய்வு 1958இல் வெளியாயிற்று. 1963ஆம் ஆண்டில் விக்கிரமசிங்கவும், அவருடன் மூரன்ற், லேமன் முதலிய பிரித்தானிய ஆய்வாளரும் வேடரின் குருதியை ஆராய்ந்து, அவர்களிடையே ஈமோகுளோபின் ஈ மிகுந்து காணப்படுதலை அறிவித்தனர். கண்டிக்குக் கிழக்கே பதினெட்டு வளைவுப் பாதையால் இறங்கி அடையும் மகியங்கனைப் பகுதி வேடரின் பழைய நிலங்களுள் ஒன்று, காய்ச்சலுக்கும் பேர்போனது.

காய்ச்சலும் குருதியும் இவ்வாறு ஓரிடத்தே கூடியிருத்தல் தற்செயலன்று. யே. பீ. எசு. ஓல்டேன் என்னும் உயிரியலறிஞர் 1949இல் இதற்கொரு விளக்கம் கூறினார். தலசீமியாவுக்குரிய மாறிய அலகைப் பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் நோயாளர் அல்லர். அவரைக் 'காவி' என்பர். மலேரியாவைத் தாங்குவதிற் காவிக்கு ஏனையோரினும் ஆற்றல் மிகுதி. ஆகவே காய்ச்சல் நிலைபெற்ற நாடுகளிற் காவிகள் மிகுதியாக உயிர் பிழைத்து, அவ்வலகைத் தம் மக்களுக்கு வழங்கினர். ஓல்டேனின் கருத்துப் பிற்காலச் சான்றுகளால் வலுப்பெற்றது. அவர் 1957இல் இந்தியாவுக்கு வந்து குடியேறி, 1964இல் புவனேசுவரத்திற் காலமானார்.

ஆகவே தலசீமியா அலகு ஒரு பழங்கேடயம் எனலாம். போர் முடிந்த பின்னும் கேடயத்தின் சுமை எஞ்சி நிற்கின்றது. தாய், தந்தை இருவரும் காவிகளாயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரு மாறிய அலகுகளைப் பெற்றுக் கொடிய நோயுடன் பிறத்தற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அக்குழந்தை முதல் ஓரிரண்டு ஆண்டுகளிலேயே சோகையுறும். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதியேற்றினாலன்றி உயிர் வாழாது. ஏற்றிய குருதியிலுள்ள இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியும். அதனை வெளியேற்றுதற்கு மருந்தினைத் தோலின் கீழே இரவிற் பல மணி நேரம், வாரத்திற் பல நாள்கள் செலுத்தவேண்டும். வாயால் உட்கொள்ளும் மருந்துகள் அண்மைக் காலத்தில் வந்தவை. ஒரு குடும்பத்தின் உழைப்பும் உறக்கமும் இதனிற் கழியும்.

சோதனை வந்த வழி

பெற்றோர் வழியாக வந்த கூறொன்றினை அறியும் சோதனை இருவகைப்படும். ஒருவகை, அலகினை நேரே படித்தறிவது. மற்றையது, அவ்வலகின் விளைபொருளை அளந்து அலகின் தன்மையை உய்த்துணர்வது. தலசீமியாவைப் பொறுத்தவரையில் இரண்டாம் வகையே முதலில் நாளாந்த மருத்துவத்தினுட் புகுந்தது. காய்ச்சலென்றோ களைப்பென்றோ வருபவருக்கு எந்த வைத்தியசாலையிலும் செய்யப்படும் குருதிக் கணிப்பிலேயே அதன் முதற்குறி தென்படும். காவியின் செங்குருதிக் கலங்கள் வழமையினும் சிறியன. அவற்றின் நிறமும் குன்றியிருக்கும். இரும்புக் குறைபாட்டிலும் கலங்கள் இவ்வாறே சிறுத்துக் காணப்படுமாதலால், இக்குறி மட்டும் முடிவாகாது. ஈமோகுளோபின் ஏ2 என்னும் கூறு நூற்றுக்கு மூன்றரைக்கு மேற்பட்டிருப்பின், அவர் தலசீமியாக் காவி எனப் பொதுவாகக் கொள்ளப்படும். ஈமோகுளோபின் ஈ உடையோரிடத்துக் குருதிக் கணிப்பு ஏறக்குறைய வழமைபோலவே இருத்தலும் உண்டு. ஆதலின் கணிப்பை மட்டும் நம்பினால் அவர்கள் தப்பிவிடுவர்.

அலகினை நேரே படிக்கும் முறைகள் 1970களின் பிற்பகுதியிலிருந்தே மருத்துவத்திற்கு வந்தன. கொழும்பு மருத்துவ பீடத்தில் மானிடப் பிறப்புரிமையியற் பிரிவு 1983இல் நிறுவப்பட்டது. கண்டிப் பகுதியில் இதற்கான கல்வித்தளம் முன்னரே அமைந்திருந்தது. இலங்கையின் இரண்டாவது மருத்துவ பீடம் 1962இற் பேராதனையில் தொடங்கப்பட்டது; அதன் மாணவர் கண்டி வைத்தியசாலையிற் பயிற்சி பெற்றனர். 1980இற் பேராதனைப் போதனா வைத்தியசாலை திறக்கப்பட்டது. பின்னர்ச் சிறுவருக்கெனத் தனி வைத்தியசாலையும் பேராதனையில் எழுந்தது. வெளிறிய குழந்தையைச் சுமந்து வந்த தாய்க்கு 'இது காய்ச்சலன்று' என்று உறுதியாகக் கூறவல்ல மருத்துவர் பரம்பரையை இந்நிலையங்கள் உருவாக்கின.

ஆயினும் தலசீமியா ஆய்வின் நடுவிடமாக அமைந்தது, 1911இல் மலேரியா நிலையம் தோன்றிய அதே குருநாகல் நகரமே. அங்குள்ள வைத்தியசாலையிலே தேசிய தலசீமியா நிலையம் உருவாயிற்று. ஒக்சுபோட்டைச் சேர்ந்த சர் டேவிட் வெதறோல் என்பாரும், நான்சி ஒலிவியரி என்னும் கனடிய மருத்துவரும், இலங்கை மருத்துவர் பலரும் ஒன்றுகூடி 1990களில் அங்கு ஆராய்ச்சி தொடங்கினர். இலங்கையின் பல பாகங்களிலுமுள்ள நோயாளரின் அலகுகளைப் படித்து, அம்முடிவுகளை 2000ஆம் ஆண்டில் 'லான்செற்று' என்னும் மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். 23 வகையான அலகு மாற்றங்கள் காணப்பட்டன. எனினும் அவற்றுள் மூன்றே நோயாளருட் பெரும்பாலோரின் நோய்க்குக் காரணமாயிருந்தன. மூன்றை முதலில் தேடினாற் பெரும்பாலோருக்கு விடை கிடைத்துவிடும். எனவே செலவு சுருங்கும், சிறிய ஆய்வுகூடமும் அப்பணியை ஆற்றக்கூடும். இக்கண்டுபிடிப்பின் நடைமுறைப் பயன் இதுவே. எதிர்காலத்தில் எந்நேரத்திலும் 2000இற்கு மேற்பட்ட நோயாளருக்குச் சிகிச்சை அளிக்கவேண்டி வரும் என்பதும் அவ்வாய்வின் மதிப்பீடாகும்.

சோதனையின் பயன் நோயைப் பெயரிடுவதோடு முடியவில்லை. தலசீமியா அலகொன்றும் ஈமோகுளோபின் ஈ அலகொன்றும் கூடிப் பிறந்த 109 நோயாளரைக் குருநாகலில் 1997ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து அவதானித்தனர். அவர்களுட் சிலர் கடுமையாக வருந்தினர். வேறு சிலர் சிறு சோகையுடன் பள்ளி சென்று விளையாடி வளர்ந்தனர். எல்லோருக்கும் ஒரே அளவாகக் குருதியேற்றி வந்த வழக்கம் பிழையென்பது அதனால் தெளிவாயிற்று. பலருக்குக் குருதியேற்றலைத் தீங்கின்றி நிறுத்த முடிந்தது. தேவையற்ற குருதி ஏற்றாமையும் மருத்துவமே அன்றோ? மேலும், 2009இல் வெளியான ஓராய்வு, இந்நோயாளரிடத்து மலேரியா தொற்றியதன் அறிகுறிகள் ஏனையோரினும் மிகுதியாயிருத்தலைக் காட்டிற்று. காவிக்குக் கேடயமாய் நின்ற குருதி, நோயாளிக்கு அவ்வாறு நிற்கவில்லை.

சட்டம் விட்ட ஒரே வேளை

நோயை அறிதலினும் அதனை வராது காத்தல் சிறந்தது என்பதை எவரும் ஒப்புவர். இதில் உலகறிந்த எடுத்துக்காட்டுச் சைப்பிரசுத் தீவாகும். அங்கு ஏறத்தாழ எழுவருள் ஒருவர் காவி. 1970களிலிருந்து அரசு மக்களுக்கு அறிவு புகட்டிச் சோதனை நடத்தியது. 1980களிலே திருச்சபையும் மணமக்கள் சோதித்துக் கொண்டமைக்குச் சான்று கேட்கத் தொடங்கியது. நோயுடன் பிறக்கும் குழந்தைகளின் தொகை மிகமிகக் குறைந்தது. ஆயின் அங்கு மணம் தடைப்பட்டமையினால் இது நிகழ்ந்ததன்று. காவியரும் காவியரும் மணந்தனர். கருவிற் சோதித்து, நோயுள்ள கருவைக் கலைக்கச் சட்டம் இடங்கொடுத்தது.

இலங்கையின் நிலை வேறு. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி, தாயின் உயிரைக் காத்தற்கன்றி வேறெக்காரணத்துக்காகவும் கருவைக் கலைத்தல் குற்றமாகும். அச்சட்டம் நன்றோ தீதோ என்பது வேறு ஆராய்ச்சி. கருவிற் சோதித்தறிந்த பின்னர்ப் பெற்றோருக்கு அது விடும் வழி யாது என்பதே ஈண்டு வினா. அறிந்துகொண்டு காத்திருத்தலன்றி வேறு வழியில்லை. ஆகவே கண்டித் தாய்க்கும் குருநாகல் தாய்க்கும் சோதனை பயன்படும் வேளை ஒன்றேயாம். அது திருமணத்துக்கு முன்னுள்ள வேளை. இலங்கையின் தடுப்பு முயற்சியும் இதனை உணர்ந்தே அமைந்தது. இளைஞர் மணம் பேசுமுன்னரே குருதியைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும் என்றும், காவி காவியை மணவாமையே காப்பான மணம் என்றும் அது கூறிற்று. பின்னர்ப் பேராதனையிற் சிறுவர் மருத்துவப் பேராசிரியராக விளங்கிய முதியான்சே என்பார், ஊவா மாகாணத்தில் இதுபற்றிப் பொதுமக்களின் கருத்தை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையிற் குறிப்பிடத்தக்கது.

பொருத்தமும் குருதியும்

மணத்துக்கு முன் இருவரின் தகுதியையும் ஒப்புநோக்கும் வழக்கம் இந்நாட்டுக்குப் புதியதன்று. தமிழர் சாதகப் பொருத்தம் பார்ப்பர். கண்டிச் சிங்களரும் 'பொறொந்தம்' என்னும் பெயரால் அதனையே செய்வர். அச்சொல்லே தமிழை நினைவூட்டுவதாகும். ஆதலாற் குருதிச் சோதனையையும் பொருத்தங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளல் எளிதெனத் தோன்றலாம். ஆயின் இவ்வொப்புமையில் ஓர் இடர் உண்டு. சாதகத்திற் செவ்வாய்க் குற்றமுடைய பெண்ணுக்குச் செவ்வாய்க் குற்றமுடைய ஆணையே தேடுவர். இருவருக்கும் ஒன்றாயின் குற்றம் கழிந்ததாகக் கொள்வர். தலசீமியாவில் இதற்கு மறுதலையே உண்மை. இருவருக்கும் ஒன்றாயிருத்தலே இடர். ஒருவருக்கு மட்டும் இருத்தலிற் பிள்ளைக்குக் கொடிய நோய் வருதற்கு இடமில்லை. பழகிய வழக்கத்தின்மேற் புதிய அறிவை ஒட்டுவோர் இவ்வேறுபாட்டைத் தெளிவாக விளக்காவிடின், மக்கள் பழைய கணக்கின்படியே புதியதையும் கணிப்பர்.

மாமன் மகளை மணத்தலும் அத்தை மகளை மணத்தலும் தமிழருக்கும் கண்டிச் சிங்களருக்கும் பொதுவான பழைய உரிமை. இதனையும் எண்களைக்கொண்டு நோக்குதல் தகும். முன்கூறிய ஆய்வின்படி, இலங்கையில் தலசீமியாக் காவியர் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர். ஆகவே காவியான ஒருவன் அயற்பெண்ணொருத்தியை மணந்தால், அவளும் காவியாயிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐம்பதில் ஒன்று. அவனே தன் மாமன் மகளை மணந்தால், அதே அலகு அவளிடமும் இருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. எட்டில் ஏழு பங்கு அவள் காவியல்லள் என்பதும் இதனுள் அடங்கியுள்ளது. எனவே உறவுத் திருமணம் முற்றாக விலக்கத்தக்கது என்று கூறுதற்கு இக்கணக்கு இடந்தரவில்லை. அத்தகைய மணத்துக்கு முன் சோதித்தறிதல் மிகவும் இன்றியமையாதது என்பதையே அது வற்புறுத்துகின்றது.

இனி, சோதனை மக்களிடையே பரவுதற்குத் தடையாயிருப்பது யாது? எளிய குருதிக் கணிப்புக்கு வேண்டிய கருவி எங்கும் உண்டு. அதன் செலவும் பெரிதன்று. தடையாயிருப்பது அச்சம். காவி என்னும் சொல் நோயாளி என்னும் சொல்லாகக் கேட்கப்படுகின்றது. மணம் பேசப்படும் ஒரு பெண்ணைக் காவி என ஒருவர் கூறிவிட்டால், அச்சொல் ஊரைச் சுற்றி வருமுன் அவளுடைய தங்கையரின் மணமும் தடைப்படும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் பொருளற்றதென்று தள்ளத்தக்கதன்று. காவியர் எவ்வகையிலும் நோயுற்றோர் அல்லர். பிறரைப் போலவே கற்று, உழைத்து, பிள்ளை பெற்று வாழ்பவர். அவருடைய முன்னோர் காய்ச்சலைத் தாங்கி நின்றமைக்கு அவ்வலகு சான்று. இதனை ஊரார் உணராதவரையிற் பெற்றோர் சோதனையை நாடார்.

இங்கே ஒரு நீதியும் அடங்கியுள்ளது. மணம் பேசுங்கால் பெண்ணின் சாதகத்தையே முதலிற் கேட்டு ஆராய்தல் பலவிடத்தும் வழக்கம். குருதிச் சோதனையும் அவ்வழியே செல்லுமாயின், அது பெண்ணின்மேல் வைக்கப்படும் மற்றுமொரு சுமையாகும். ஆயின் விஞ்ஞானம் அவ்வாறு விதிக்கவில்லை. இருவருள் ஒருவர் காவியும் அல்லர், ஈமோகுளோபின் ஈ உடையவரும் அல்லர் எனத் தெளிந்தால், மற்றவரை இந்நோயின் பொருட்டுச் சோதிக்கவே வேண்டியதில்லை. ஆதலின் ஆண்மகன் முதலிற் சோதித்துக்கொண்டால், பெரும்பாலான மணங்களிற் பெண்ணின் குருதியைப் பற்றிய பேச்சே எழாது. அவன் காவியாயின் அப்பொழுது அவளும் சோதித்துக்கொள்ளலாம். வழக்கத்தின் வரிசையை மாற்றும் இச்சிறு ஒழுங்கு, நோயையும் தடுக்கும். பெண்ணின் பெயரையும் காக்கும்.

முடிவுரை

பரம்பரையலகை வெட்டித் திருத்தித் தலசீமியாவைத் தீர்க்கும் சிகிச்சையொன்றுக்கு 2023ஆம் ஆண்டிற் பிரித்தானியா அனுமதி வழங்கியது. அறிவின் அருஞ்செயல் அது. எனினும் அதன் விலையோ எளியோர் எட்டாத உயரத்திலுள்ளது. கலகெதரையிலோ மாவனெல்லையிலோ வாழும் ஓர் எளிய குடும்பத்துக்கு அண்மையிற் கைகூடக்கூடிய காப்பு, உரிய வேளையிற் செய்யப்படும் ஒரு குருதிச் சோதனையே ஆகும்.

அவ்வேளையை முன்கூட்டி உணர்த்துதற்கு வாய்ப்புடைய இடம் வைத்தியசாலையினும் கல்லூரியே எனல் பொருந்தும். மணம் பேசப்படும் பருவத்துக்குச் சற்று முன்னர் இளைஞர் கூடியிருக்குமிடம் அது. உயர்வகுப்பில் மெண்டலின் விதிகளைப் பட்டாணிச் செடிகளைக்கொண்டு கற்பிக்கும் ஆசிரியர், நான்கில் ஒன்று என்னும் அதே கணக்கினைத் தலசீமியாவைக் கொண்டும் விளக்கலாம். காவி நோயாளியல்லர் என்பதை அவ்வகுப்பிற் கற்ற மாணவன், நாளை மணம் பேசும் வீட்டிலே அதனை எடுத்துக் கூறுவான். 1960களில் மலேரியா ஒழிந்ததென்று கருதிக் காவல் தளர்த்திய தலைமுறை, அப்பிழைக்குப் பெருவிலை கொடுத்தது. காய்ச்சல் இன்று இல்லை. காய்ச்சலின் சுவடு குருதியில் உண்டு. அதனை மறவாது, அஞ்சாது, ஆணும் பெண்ணும் ஒப்பச் சோதித்தறியும் வழக்கம் இந்நாட்டில் வேரூன்றச் செய்தல் கற்றோர் கடனாகும்.